வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது?



கெலவரப்பள்ளி குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா சேமிப்புப் பணத்தைக் கட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்து அழுதார். "பொண்ணுக்கு எட்டு வருஷமா இழுப்பு மேடம். மாத்திரை மாத்தி மாத்திக் கொடுத்தும் நிக்கல. ஆபரேஷனுக்கு முன்னாடி மண்டையில ஓட்டை போட்டு ஒயர் வைக்கணுமாம். புள்ளைய இன்னும் வதைக்கணுமா?" என்றார். அவருக்குச் சொன்னதையே இந்த மாதப் பாடமாகத் தருகிறோம்.

வலிப்பு ஏன் வருகிறது?

நம் மூளை சிறு சிறு மின் துடிப்புகளால் வேலை செய்கிறது. அதில் திடீரென்று கோளாறு ஏற்பட்டால் வலிப்பு. இது பேயும் இல்லை, சாபமும் இல்லை. 10 பேரில் சுமார் 7 பேருக்கு மாத்திரையிலேயே கட்டுப்படும். பொருத்தமான இரண்டு மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் நிற்காதவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை உதவும்.

ஒயர் எதற்கு?

ஊரில் கரண்ட் போனால் லைன்மேன் எல்லாக் கம்பியையும் வெட்டுவதில்லை. எந்தக் கம்பத்தில் கோளாறு என்று முதலில் பார்க்கிறார். டாக்டரும் அப்படித்தான். முதலில் ஸ்கேன், தலைமேல் ஒயர் ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி. இரண்டிலும் இடம் தெளிவாகத் தெரியாதவர்களுக்கு மட்டுமே உள்ளே ஒயர் வைப்பார்கள்.

மயக்க மருந்து கொடுத்து, சிறு துளைகள் வழியாக மெல்லிய கம்பிகளை மூளைக்குள் வைப்பார்கள். பிறகு சில நாட்கள் வார்டில், கேமரா முன்னால் இருக்க வேண்டும். டாக்டரே மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வருவதற்காகக் காத்திருப்பார். வந்தால்தான் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தெரியும். (வீட்டில் நாமாக மாத்திரையைக் குறைப்பது ஆபத்து!) பேச்சுக்கும் கை காலுக்கும் உரிய இடங்களையும் சிறிதளவு மின்சாரம் செலுத்திக் கண்டுபிடிப்பார்கள். மூளைக்கு வலி தெரியாது.

சிலருக்கு ரத்தக்கசிவோ கிருமித் தொற்றோ வரலாம். எல்லாம் பார்த்த பிறகு "ஆபரேஷன் செய்ய முடியாது" என்ற பதிலும் வரலாம். இதையெல்லாம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

இது புதிதா?

இல்லை. கனடாவில் பயிற்சி பெற்று வந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1952-லேயே வேலூர் சி.எம்.சி.யில் வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்தார். நமக்குப் பக்கத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இந்த சிகிச்சை உண்டு.

நம் பங்கு என்ன?

முதல் துப்பு கொடுப்பது, பக்கத்தில் இருந்து பார்த்த நாம்தான். இரும்பையும் சாவியையும் தேடி ஓடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். முதலில் எந்தக் கை இழுத்தது, முகம் எந்தப் பக்கம் திரும்பியது, பேச்சு எப்போது வந்தது என்று குறித்து வையுங்கள். முடிந்தால் செல்போனில் வீடியோ எடுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் போனால் உடனே ஆஸ்பத்திரி.

அந்த அக்கா இன்னும் முடிவு எடுக்கவில்லை. ஆனால் டாக்டரிடம் கேட்க ஆறு கேள்விகளை மகளின் பள்ளி நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். குழுவிலிருந்து இருவர் கூடப் போகிறார்கள்.

குழுவில் பேசுங்கள்:
1. நம் ஊரில் வலிப்பை மறைத்து வைப்பது ஏன்?
2. மாத்திரையை இடையில் நிறுத்தியவர்கள் யாராவது உண்டா? என்ன காரணம்?
3. ஆஸ்பத்திரிக்குத் துணையாக யார் போவது?