பாங்காக்கில் இரண்டு நாள்

கேள்வி: அலுவல் நிமித்தம் பாங்காக் செல்கிறேன். இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும். எதைப் பார்ப்பது, எதை உண்பது?

பதில்: கடைவீதிகளிலேயே காலத்தை விரயம் செய்து திரும்புகிறவர்கள் அநேகர்; தாங்கள் அவ்வாறின்றி, காலையிலேயே சாவ் பிரயா நதியில் படகேறிச் சென்று, வாட் போ ஆலயத்தில் 46 மீட்டர் நீளத்துக்குப் பொன்மேனியராய்ச் சயனித்திருக்கும் புத்தர் பெருமானைத் தரிசித்து, அவருடைய பாதங்களில் முத்துச்சிப்பி இழைத்துச் செய்த 108 மங்கலச் சின்னங்களைச் சற்று நின்று நோக்குங்கள். எதிர்க்கரையில் வாட் அருண் ஆலயம்; அதற்கு அரைமணி போதும்.

தமிழர் அவசியம் காண வேண்டியது, வாட் சுதத் ஆலயத்தின் முன் நிற்கும் செந்நிற ராட்சத ஊஞ்சல். விழாவில் அதில் ஆடும் ஆட்டம் 1935-இல் நின்றுவிட்டதாயினும், அருகிலுள்ள தேவஸ்தானத்துப் பிராமணர்கள் ஆண்டுதோறும் அவ்விழாவில், பொருள் மறந்த நிலையிலும், திருவெம்பாவையை ஓதி வருகிறார்கள் என்பது எத்தனை ஆச்சரியம்!

உணவில் என் சிபாரிசு, தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசிச் சோறும் கனிந்த மாம்பழமும்; உப்புக் கலந்த தேங்காய்ப்பாலை மேலே ஊற்றி, வறுத்த பருப்பைத் தூவித் தருவார்கள். காய்கறிப் பதார்த்தங்களிலும் மீன்சாறு சேர்வது வழக்கமாதலால், சைவராயின் ‘ஜே’ என்று சொல்லிக் கேளுங்கள். கோயில்களுக்குத் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துச் செல்லுங்கள்.