கறவை மாடுகளின் மண்ணீரலில் உண்டாகும் சீழ்க்கட்டி

மாடுகள் தீவனத்தை உதட்டால் ஆராய்ந்து தின்பனவல்ல. நாவால் வளைத்திழுத்து, அரைகுறையாய் மென்று விழுங்கிப் பின்னரே அசைபோடுகின்றன. வைக்கோலுடன் கலந்துவிட்ட ஆணியும் கம்பித்துண்டும் அவ்வாறே உட்சென்று, தேன்கூடு போன்ற உட்சுவருடைய இரண்டாம் வயிற்றில் தங்கிவிடும். அவ்வயிறு ஓயாது சுருங்கி விரிவதால் கூரிய முனை சுவரைத் துளைக்கும். அது முன்னோக்கிச் சென்று இருதய உறையைக் குத்துவதைப் பலர் அறிவர். இடப்புறம் சாயின், உதரவிதானத்தை அடுத்துப் பெருவயிற்றின்மேல் கிடக்கும் மண்ணீரலைத் தீண்டும். கம்பியோடு சென்ற கிருமிகளால் அங்கே சீழ் கட்டுகிறது.

இந்நோய் எளிதிற் புலப்படுவதில்லை. பசு தீவனத்தை அறவே வெறுப்பதில்லை. பெருவயிற்றின் அசைவும் நிற்பதில்லை. பாலும் இரையும் சிறுகச் சிறுகக் குறைந்து உடல் மெலியும். அஜீரணமென்று எண்ணிக் கஷாயம் புகட்டிக் காலங்கடத்துவோர் பலர். உஷ்ணமானியை வைத்துப் பார்த்தால் ஐயம் பெரிதும் நீங்கும். சுகமுள்ள பசுவின் உஷ்ணம் ஏறக்குறைய 101½ டிகிரி பாரன்ஹீட். இந்நோயில் 103 முதல் 105 டிகிரி வரை நீடித்து நிற்கும். வெறும் அஜீரணத்தில் இத்தகைய ஜுரம் காண்பதில்லை. இடப்புறக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகளின்மேல் தட்டினால் பசு வலியால் முனகும். இரத்தத்தில் வெள்ளையணுக்கள் மிகுந்திருத்தலும், அல்ட்ராசவுண்ட் படமும் நோயை உறுதிப்படுத்தும். உலோகங்காட்டும் கருவியை மட்டும் நம்புதல் தகாது. நோயற்ற மாடுகளின் வயிற்றிலும் இரும்பு இருப்பதுண்டு.

கட்டி முற்றுமுன் தொடங்கும் சிகிச்சையே பயன்தரும். கால்நடை மருத்துவர் பெனிசிலின், ஆக்ஸிடெட்ராசைக்ளின் முதலியவற்றைப் பல நாள் செலுத்துவர். பெருவயிற்றைத் திறந்து கம்பியை எடுப்பதும் உண்டு. ஜுரம் தணிந்த மறுநாளே மருந்தை நிறுத்தலாகாது. மருத்துவர் குறிக்கும் நாள்வரை பாலை விற்றலும் ஆகாது. தடித்த உறையுடன் முதிர்ந்த கட்டியினுள் மருந்து எளிதிற் புகாது. அந்நிலையில் செய்யும் செலவு பெரும்பாலும் வீணே.

கிராம அதிகாரிகள் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். அடைப்பான் நோயிலும் மண்ணீரல் பெருக்கும். திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கரிய இரத்தம் கசியும் மாட்டை, கம்பி உள்ளதா என்று பார்க்கவேண்டியும் அறுக்கவே கூடாது. அந்நோய் மனிதரையும் கொல்லும். உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவித்தல் கடமை.

வீடு கட்டிய இடத்தில் சிதறிய கட்டுக்கம்பியைப் பொறுக்காமல் அங்கே வைக்கோலைக் குவிப்பதே பல கேடுகளுக்கு மூலம். இதற்கென அமைந்த காந்தத்தை மருத்துவரைக் கொண்டு விழுங்கச் செய்தால், அது இரண்டாம் வயிற்றிலேயே தங்கி இரும்பைப் பற்றிக்கொள்ளும். செம்பையும் அலுமினியத்தையும் பற்றாது. ஒரு மாட்டுக்கு ஒரு காந்தமே போதும். விலைக்கு வாங்கிய மாட்டில் முன்னரே காந்தம் உண்டா என்பதை, முன்னங்காலின் பின்புறம் நெஞ்சருகே திசைகாட்டியைப் பிடித்து, முள் திரும்புகிறதா என்று பார்த்தறியலாம்.