மூங்கில் காற்றாடி: ஒரு செய்முறைப் பாடம்

நீர்வளம் குன்றிய நிலம் காரியாபட்டி வட்டாரம். திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதிகளும் அத்தகையனவே. மழையை நம்பி விதைக்கும் மானாவாரி நிலம் எனினும், காற்றுவளத்திற்கு இங்குக் குறைவில்லை. ஆடிக் காற்றில் பனையோலைக் கீற்று இரண்டைக் குறுக்காகக் கோத்து, நடுவே கருவேல முள்ளைச் செருகி, சோளத்தட்டையில் பொருத்திக்கொண்டு வரப்பில் ஓடும் சிறுவரை இவ்வூர்ப் பெரியோர் நன்கு அறிவர். பலர் அவ்வாறு ஓடியவர்களே.

அந்த ஓலைக் காற்றாடியின் நெருங்கிய உறவினன் ஒருவன் உண்டு. அவனே மூங்கிலால் ஆகிய பறக்கும் காற்றாடி. ஓலைக் காற்றாடியைக் காற்றுச் சுழற்றுகிறது; மூங்கில் காற்றாடியோ தான் சுழன்று காற்றைக் கீழே தள்ளி மேலெழுகிறது. தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன பாடம் உண்டு என்பதை ஈண்டுக் காண்போம்.

காப்பியம் காட்டும் பொறி

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறியை அறியாத தமிழ் மாணவர் இலர். கட்டியங்காரனின் சூழ்ச்சியால் ஆட்சி கவிழும் வேளையில், சச்சந்தன் தன் தேவி விசயையை அப்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். அது சுடுகாட்டில் இறங்க, அங்கே சீவகன் பிறக்கிறான். துணி, பயின், நூல், அரக்கு, மெழுகு முதலியவற்றைக் கொண்டு கைவினைஞன் ஏழு நாளில் அதனைச் செய்து முடித்தான் என்று நாமகள் இலம்பகம் கூறுகிறது. பொறியை வலமாகத் திருகினால் மயில் விண்ணில் எழும். இடமாகத் திருகினால் தரையில் இறங்கும்.

இதனைக் ‘கவிஞரின் கற்பனை’ என்று ஒரு வரியில் எழுதி மதிப்பெண் பெறுவது எளிது. ஆனால், திருகும் திசை மாறினால் பயனும் மாறும் என்னும் நுட்பத்தை அப்புலவர் ஏன் எடுத்துரைத்தார் என எண்ணுவோர் சிலரே. மூங்கில் காற்றாடியைக் கையில் எடுத்தவனுக்கு அவ்விடம் உடனே விளங்கும். ஒரு திசையில் சுழற்ற அது மேலே பாயும். மறு திசையில் சுழற்ற அது கீழ்நோக்கி அழுத்திக் கையிலேயே வீழும்.

வேண்டுவன

பந்தலுக்கும் ஏணிக்கும் பயன்படும் முற்றிய மூங்கிலின் ஒரு துண்டு, கூரிய கத்தி, துளையிடத் தமர் (இல்லையேல் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பி), உப்புத்தாள், சிறிது வச்சிரம் ஆகியன போதும்.

தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. அவ்வகையில் மூங்கில் புல்லினம்; அதன் வலிமை தோற்புறத்தில் உள்ளது. இந்த இலக்கண அறிவு கைத்தொழிலுக்கும் உதவும். தோற்புறத்தை அறவே சீவி எறிந்தால் இறகு எளிதில் முறியும்.

செய்முறை

முதலாவது, கணு இல்லாத பகுதியிலிருந்து 15 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், 5 மி.மீ. கனம் உள்ள பட்டை ஒன்றை எடுக்க வேண்டும். அதன் சரிநடுவில் 4 மி.மீ. துளை இடுக. சீவுவதற்கு முன்பே துளையிடுதல் நன்று. மெலிந்தபின் துளையிட்டால் பட்டை பிளந்துவிடும்.

இரண்டாவது, தோற்புறம் மேலாக இருக்கும்படி பட்டையை நமக்கு எதிரே குறுக்காக வைக்க வேண்டும். துளையின் இருமருங்கும் 1 செ.மீ. அளவைத் தொடாது விடுக. வலப்பாதியின் மேற்புறத்தில், நம் பக்கத்து விளிம்பை நோக்கிச் சரிவாகச் சீவுக. அடுத்து அதே பாதியின் அடிப்புறத்தில், அப்பக்கத்து விளிம்பை நோக்கிச் சீவுக. இப்போது வலப்பாதி, அப்பால் உயர்ந்தும் இப்பால் தாழ்ந்தும் சாய்ந்த மெல்லிய இறகாகும். உயர்ந்த விளிம்பில் தோல் எஞ்சி நின்று வலிமை தரும்.

மூன்றாவது, தோற்புறம் மேலாகவே இருக்க, பட்டையை அரைவட்டம் சுழற்றி வைத்து, இப்போது வலப்பக்கம் வந்த பாதியிலும் அதே முறையிற் சீவுக. இரு இறகுகளும் எதிரெதிர்ச் சாய்வு பெறும். ஒரே பக்கமாகச் சாய்ந்தால் காற்றாடி எழவே எழாது.

நான்காவது, மெல்லிய கம்பியைத் துளையிற் செருகிப் படுக்கைவாட்டில் பிடிக்க வேண்டும். கனத்த பக்கம் கீழே தாழும். இரு பக்கமும் சமன்படும்வரை அப்பக்கத்தைச் சிறிது சிறிதாகத் தேய்க்க வேண்டும்.

ஐந்தாவது, 16 செ.மீ. நீளமுள்ள மூங்கிற் கோலை உருட்டையாகச் சீவி, சிராய் இல்லாதபடி தேய்த்து, துளையில் இறுகச் செருகி வச்சிரத்தால் ஒட்டுக. கோல் செங்குத்தாக நிற்றல் வேண்டும்.

வச்சிரம் உலர்ந்தபின், கோலை இரு உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து, வலக்கையை முன்னும் இடக்கையை பின்னுமாக விரைந்து தேய்த்து விடுக. இடக்கைப் பழக்கம் உடையோர்க்குச் சாய்வுகளை மாற்றிச் சீவ வேண்டும். முகத்தருகே விடுதல் ஆகாது. மின்கம்பி இல்லாத வெட்டவெளியே ஏற்றது. சிறுவர் கத்தி பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருத்தல் இன்றியமையாதது.

பறத்தலின் காரணமும் வரலாறும்

சாய்ந்த இறகு காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று இறகை மேலே தள்ளுகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று 1687இல் நியூட்டன் வகுத்த விதி இதுவே. சுழற்சி வேகம் அதனைச் சாயாமல் நிறுத்துகிறது.

சீனத்திலும் ஜப்பானிலும் இவ்விளையாட்டுப் பொருள் நெடுங்காலமாக வழங்குகிறது. ஜப்பானியர் இதனை ‘மூங்கில் தும்பி’ எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி 1796இல் தக்கையும் இறகும் கொண்டு இத்தகைய பொறி ஒன்றைச் செய்து ஆராய்ந்தார். 1878இல் தந்தை வாங்கி வந்த பறக்கும் பொம்மையொன்று ரைட் சகோதரர்களின் ஆர்வத்தைத் தூண்டியது. 1903இல் அவர்கள் வானூர்தியைப் பறக்கவிட்டனர்.

அவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், 9ஆம் நூற்றாண்டில், குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறகுகள் பூட்டிப் பறக்க முயன்றார் என வரலாற்றாசிரியர் அல்மக்கரீ குறித்துள்ளார். வால் அமைக்காமையால் இறங்கும்போது அடிபட்டார் என்பது அக்குறிப்பு. சமன்பாடு தவறினால் என்ன நேரும் என்பதற்கு அது சான்று.

நிறைவாக

தமர், உளி, வாய்ச்சி, இழைப்புளி, சிராய், வயிரம் ஆகிய சொற்கள் அகராதியில் உள்ளன. ஆயினும் அவற்றைப் பொருளோடு பிணைத்து வைத்திருப்பது தச்சர்தம் கையே. கை ஓய்ந்தால் சொல்லும் ஓயும். சொல் ஓய்ந்தால் அதனை ஆண்ட இலக்கியமும் உரையின்றி விளங்காததாகும். எனவே கைத்தொழிலைக் காப்பது தமிழைக் காக்கும் பணிகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணுதல் நம் மரபும் அன்று, மார்க்கமும் அன்று. நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என ஸஹீஹ் முஸ்லிமில் நபிமொழி உள்ளது. நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பில் உண்டதாகப் புகாரியில் காண்கிறோம்.

ஆதலின் மாணவ மணிகளே, அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர்த் தச்சரிடம் சென்று, ஒரு துண்டு மூங்கிலும் ஒரு மணி நேரமும் கேளுங்கள். காற்றாடியோடு, அவர் வாயில் வழங்கும் தொழிற்சொற்களையும் குறித்து வாருங்கள். பெரியோர்களே, உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஓலைக் காற்றாடியையேனும் ஒருமுறை செய்து காட்டுங்கள். முள்ளை எங்கே செருகினால் அது தடையின்றிச் சுழலும் என்பது உங்கள் விரல்களுக்குத் தெரியும். அதைக் கைமாற்றித் தர எல்லாம் வல்ல இறைவன் நல்வாய்ப்பை அருள்வானாக.