திறக்க மறுக்கும் கோப்பு

ஊர் வீட்டின் பத்திர நகலை உறவினர் கணினிக் கோப்பாக அனுப்புகிறார், இங்கே திறக்கவில்லை. 'கெட்டுவிட்டது' என்று உடனே அழித்துவிட வேண்டாம். ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, சோதனைகளை அதில் மட்டும் செய்யுங்கள்.

முதலில் அளவைப் பாருங்கள். பூஜ்யமாகவோ, அனுப்பியவரிடம் உள்ளதைவிடக் குறைவாகவோ இருந்தால் மறுபடி அனுப்பச் சொல்வதுதான் வழி.

அளவு சரியென்றால், பெயரில் புள்ளிக்குப் பின் வரும் வாலைச் சந்தேகியுங்கள். அது சரக்கு வேகனில் ஒட்டிய சீட்டு மாதிரி. சீட்டை மாற்றினால் நிலக்கரி அரிசியாகிவிடாது! பிரதியை நோட்பேடில் திறந்து ஆரம்ப எழுத்துகளைப் படியுங்கள். (சேமிக்காமல் மூடுவது முக்கியம்.) 'பி.டி.எஃப்.' என்றிருந்தால் அது பி.டி.எஃப். கோப்பே. 'ஜே.எஃப்.ஐ.எஃப்.' அல்லது 'எக்ஸிஃப்' தென்பட்டால் பெரும்பாலும் புகைப்படம். செல்பேசியில் எடுத்த பத்திரத்துக்கு யாரோ பி.டி.எஃப். என்று பெயர் வைத்திருப்பார்கள். 'பி.கே.' என்றால் ஜிப் வகை. 1989-ல் அம்முறையை வெளியிட்ட பில் கட்ஸின் முதலெழுத்துகள் அவை. வேர்டு 2007 முதல் வந்த டாக்ஸ் கோப்பும் உள்ளுக்குள் ஜிப்தான்.

உள்ளே இருப்பதற்கேற்ற வாலைப் பிரதிக்குக் கொடுத்துப் பாருங்கள். கோப்பு திறந்தும் தமிழ் மட்டும் கிறுக்கலாகத் தெரிந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதாக இருக்கலாம். அனுப்பியவரிடம் எழுத்துருவின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.