முருகனுக்கும் ஒரு பங்கு

கேள்வி: கஷ்டத்தில் தினமும் கோயிலுக்குப் போனேன். இப்போது தொழில் நன்றாக ஓடுகிறது; சாமி நினைப்பே வருவதில்லை. என்ன செய்வது?
- வாசகர், திருப்பூர்

பதில்: கோவை ராமநாதபுரத்துக்காரரான படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரைப் பாருங்கள். வறுமையில் மருதமலை முருகனைப் பற்றிக்கொண்டவர், 1956-ல் ‘தாய்க்குப்பின் தாரம்’ படத்தால் நிமிர்ந்த பிறகும் அந்தப் பிடியை விடவில்லை. முருகனைத் தொழில் பங்காளியாகவே கருதி, பட லாபத்தில் ஒரு பகுதியைக் கோயில்களுக்கு ஒதுக்கினார். மருதமலைத் திருப்பணிகளுக்கு அள்ளிக் கொடுத்தார்.

1971-ல் அவர் தயாரித்த ‘ஹாத்தி மேரே சாத்தி’ இந்தியிலும் வசூலைக் குவித்தது. பம்பாயே திரும்பிப் பார்த்த அந்த உச்சத்துக்கு மறுவருடம் அவர் தந்த படம் ‘தெய்வம்’. முழுக்க முருகன் பெருமை!

மீந்ததைக் கொடுக்கவில்லை அவர். கணக்கிலேயே சாமிக்கு இடம் வைத்தார். அதுதான் பெரிய விஷயம். அடுத்த பில் பணம் வந்ததும் நீங்களும் முதலில் அந்தப் பங்கைப் பிரித்து வையுங்கள்.