வடதுருவ ஒளியும் நமது ஃபஜ்ரும்



2024 மே 10, வெள்ளிக்கிழமை இரவு. கடுமையான சூரியப் புயல் பூமியைத் தாக்கியது. 2003-க்குப் பிறகு அந்த உச்ச நிலையை எட்டிய முதல் புயல் அது. பிரிட்டனின் தென்கோடி வரை மக்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து, வானம் பச்சையும் சிவப்புமாக ஒளிர்வதைப் பார்த்தார்கள்.

அந்த ஒளி எப்படி உண்டாகிறது? சூரியனிலிருந்து பாய்ந்து வரும் மின்துகள்களில் பெரும்பாலானவற்றைப் பூமியின் காந்தப்புலம் திருப்பிவிடுகிறது. உள்ளே நுழையும் சிறு பகுதி, சுமார் 100 கி.மீ. உயரத்திலும் அதற்கு மேலும் காற்றில் மோதுவதால் ஒளி பிறக்கிறது. நம்மைத் தாக்க வந்ததைக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக்கிக் காட்டினான் ரப்பு. சுப்ஹானல்லாஹ்!

வானத்தைப் பாதுகாக்கப்பட்ட முகடு என்று சொல்லும் வசனமே (21:32), மனிதர்கள் அதன் அத்தாட்சிகளைப் புறக்கணிப்பதையும் சொல்கிறது. நாம் புறக்கணிக்கவில்லையே, விழித்திருந்து பார்த்தோமே என்கிறீர்களா? மே மாதத்தில் அங்கே இரவு குறுகியது. நள்ளிரவு தாண்டியும் வானத்தைப் பார்த்து நின்றவர்களுக்கு ஃபஜ்ர் வெகு தூரத்தில் இல்லை. அத்தாட்சியைப் பார்த்துவிட்டு, அதைக் காட்டியவனின் அழைப்பு வரும்போது உறங்கிவிட்டால், அதுவும் புறக்கணிப்புதானே?

அடுத்த முறை தாராளமாகப் பாருங்கள், படமும் எடுங்கள். ஃபஜ்ரைத் தொழுதுவிட்டு உறங்குங்கள்.

அத்தகைய நல்லடியார்களாக நம்மை அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.