பெயர் மாறினால் நஞ்சு மாறுமா?

பருத்தி இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், குண்டூசித் தலையளவே உள்ள மென்மையான பூச்சிகள் மொய்த்திருப்பதைக் காணலாம். அசுவினி, செடிப்பேன் என்று வழங்கும் இதனை விலங்கியலார் ஏபிஸ் காசிப்பியை என்பர். இது சாற்றை உறிஞ்சுவதோடு நில்லாது. கழிக்கும் இனிப்பு நீரால் வெடித்த பஞ்சும் பிசுபிசுத்துப் போகும்; அத்தகைய பஞ்சை நூற்பாலைகள் விரும்புவதில்லை.

வெப்பமான பகுதிகளில் பெண் அசுவினி, ஆணின் துணையின்றியே குஞ்சுகளை ஈனும். குஞ்சு ஏறத்தாழ ஒரு வாரத்தில் தாயாகிவிடும். மருந்து தெளித்த வயலில் ஒரே ஒரு பூச்சி பிழைத்தது என்று கொள்வோம். கலப்பே இல்லாமையால், தாயின் எதிர்ப்புத்திறன் அப்படியே மகளுக்கும் பேத்திக்கும் சேர்கிறது. மருந்து பூச்சிக்கு எதிர்ப்பைக் கற்பிக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று; சிலவற்றில் முன்பே இருந்ததை அது பொறுக்கியெடுக்கிறது, அவ்வளவே.

ஆஸ்திரேலியப் பருத்தி வயல்கள் இதற்கு நல்ல சான்று. அங்கே பிரிமிகார்ப் என்னும் மருந்துக்குத் தனி மதிப்பு உண்டு. அது அசுவினியைக் கொல்லும்; அசுவினியைத் தின்னும் பொறிவண்டைப் பெரும்பாலும் விட்டுவிடும். நரம்பு மண்டலத்திலுள்ள அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குவதே அதன் வேலை. அந்நொதியில் 431 என எண்ணிடப்பட்ட இடத்தில் செரீனுக்குப் பதிலாகப் பினைல்அலனின் அமர்ந்துவிட்டால், மருந்து பொருந்தாது, பூச்சி பிழைத்துக்கொள்ளும். டைமெத்தோயேட் வேறு வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் தாக்குவது அதே நொதியை! ஆகவே மிரிட் பூச்சிக்கென டைமெத்தோயேட் தெளித்த வயலில், பிரிமிகார்பைக் கண்டேயிராத அசுவினியும் அதனைத் தாங்கும் திறன் பெறக்கூடும்.

அடுத்து வந்தவை நியோநிக்கோடினாய்டு மருந்துகள். இவற்றுக்கும் ஆஸ்திரேலியப் பருத்தி அசுவினியில் எதிர்ப்புத் தோன்றியதை ஹெரன், வில்சன் ஆகியோர் 2011-இல் வெளியிட்டனர். விதையில் பூசுவதும் இவ்வினமே, பின்னர் இலையில் தெளிப்பதும் இவ்வினமே என்றால், ஒரே சல்லடையில் இருமுறை சலித்ததாகும். எனவே, விதைக்கு இவ்வின மருந்து பூசியிருந்தால், அசுவினிக்கான முதல் தெளிப்பு வேறினமாக இருக்கவேண்டும் என அங்கே அறிவுறுத்துகின்றனர்.

நம் நாட்டிலும் பருத்தி விதை பெரும்பாலும் இமிடாகுளோபிரிட் பூசப்பட்டே விற்பனைக்கு வருகிறது. அசிட்டாமிபிரிட், தயாமெத்தாக்சாம் என்று புட்டியின் பெயர் எதுவாயினும் இனம் ஒன்றே. செயல்முறை வாரியாக மருந்துகளுக்கு உலக அளவில் எண் இடப்பட்டுள்ளது: கார்பமேட் 1ஏ, ஆர்கனோ பாஸ்பேட் 1பி, நியோநிக்கோடினாய்டு 4ஏ. கடையில் கேட்கவேண்டியது இந்த எண்ணைத்தான்.